சின்ன வயதில் கீமோ எடுத்தவர்கள் இதயத்தை எப்போது பரிசோதிக்க வேண்டும்?

#1 கீற்று

வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 13 வயதில் இடது தொடை எலும்பில், முட்டிக்குச் சற்று மேலே, ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் வந்தது. கீமோ, அறுவை சிகிச்சை, மறுபடியும் கீமோ. எலும்பை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். ஐந்து வருடம் தவறாமல் காட்டினோம். அதன் பிறகு "இனி வர வேண்டியதில்லை, குணமாகிவிட்டது" என்றார்கள். அன்றைக்கு அம்மா அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது எனக்கு 32 வயது.

போன வாரம் அந்த மூட்டில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை நடக்க இருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் முந்தின நாள் வந்து, "சின்ன வயதில் என்னென்ன மருந்து கொடுத்தார்கள்?" என்று கேட்டார். "சிவப்பு மருந்து கொடுத்தார்கள், பெயர் தெரியாது" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மொத்தம் எவ்வளவு கொடுத்தார்கள்? கடைசியாக எக்கோ எப்போது எடுத்தீர்கள்?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. எக்கோ என்ற இதய ஸ்கேனைப் பார்க்காமல் மயக்க மருந்து தர மாட்டேன் என்று அறுவை சிகிச்சையைத் தள்ளி வைத்துவிட்டார்.

முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது பயம் வந்தது. இரண்டு மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். மூன்று வருடமாக இருக்கிறது. கால்தான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டேன், யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சிவப்பு மருந்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? 19 வருடம் கழித்துமா? இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

#2 சாரல்

வணக்கம் கீற்று. நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். கடந்த சில வருடங்களாக, குழந்தைப் பருவத்தில் சிகிச்சை முடித்து வளர்ந்துவிட்டவர்களைத் தொடர்ந்து பார்க்கும் கிளினிக்கில் வேலை செய்கிறேன். உங்கள் மயக்க மருந்து மருத்துவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அவர்மீது கோபப்பட வேண்டாம்மா.

ஆஸ்டியோசார்கோமாவுக்குச் சிவப்பு மருந்து என்றால் பெரும்பாலும் டாக்ஸோரூபிசின். ஏற்றிய அன்று சிறுநீர்கூடச் சிவப்பாகப் போயிருக்கும், நினைவிருக்கிறதா? இது ஆந்த்ராசைக்ளின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. டானோரூபிசின், எபிரூபிசின், ஐடாரூபிசின் எல்லாம் அதே குடும்பம்தான். மைட்டோசாண்ட்ரோன் என்று நீல நிறத்தில் ஒன்று உண்டு, அதையும் இதனோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்போம். எத்தனையோ குழந்தைகள் இன்று உயிரோடு இருப்பதற்கு இந்த மருந்துகள் ஒரு பெரிய காரணம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது உங்களுக்குக் கொடுத்தது தவறு இல்லை.

ஆனால் இவை இதயத் தசைச் செல்களையும் தாக்கும். தோல் செல்லோ ரத்த செல்லோ செத்தால் புதிது முளைத்துவிடும். இதயத் தசைச் செல் அப்படிப் பெருகுவதில்லை. குழந்தையிடம் கொஞ்சம் செல்கள் குறைந்துபோனாலும் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் உடம்பு வளர்கிறது, ஆனால் இருக்கிற செல்களை வைத்துத்தான் இதயம் அந்தப் பெரிய உடம்புக்கு ஈடுகொடுக்க வேண்டும். சுவர் மெலிந்துபோகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் அந்தச் சுவர்மீது விழும் பளு கூடுகிறது. பத்து, இருபது, முப்பது வருடம் கழித்து ரத்த அழுத்தமோ பிரசவமோ வந்து சேரும்போது பலவீனம் வெளியே தெரிகிறது. உங்கள் "19 வருடம் கழித்துமா" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இதெல்லாம் பல ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. வட அமெரிக்காவில் 1970 முதல் 1986 வரை நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளில் பிழைத்து வளர்ந்த 10,000க்கும் மேற்பட்டவர்களையும் அவர்களில் சிலருடைய கூடப்பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2006இல் ஒரு ஆய்வு வந்தது. இதயச் செயலிழப்பு, கூடப்பிறந்தவர்களைவிடச் சுமார் 15 மடங்கு. இதயக் குழாய் அடைப்பு சுமார் 10 மடங்கு. மடங்கைப் பார்த்து அரண்டுவிடாதீர்கள். அந்த வயதில் மற்றவர்களுக்கு இந்த நோய்கள் மிகமிகக் குறைவு, அதனால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. குழந்தைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் பெரும்பாலானோருக்கு இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மற்ற கொஞ்சம் பேர் யார் என்பதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. எக்கோவை உடனே எடுங்கள். சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் பழைய ஃபைலைக் கேளுங்கள். அதில் டாக்ஸோரூபிசின் மொத்த அளவு எவ்வளவு, மார்புக்கு ரேடியேஷன் கொடுத்தார்களா என்பது தெரிய வேண்டும்.

#3 நெடுவழி

தங்கச்சி, என் கதையையும் கேட்டுக்கொள். எனக்கு 47 வயது. 15 வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். கீமோவோடு கழுத்து, மார்பு முழுக்க ரேடியேஷன். அந்தக் காலத்தில் மேலங்கி போட்ட மாதிரி கழுத்திலிருந்து மார்பு வரை மொத்தமாகக் கொடுப்பார்கள். எனக்கு 36 கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு).

41 வயதில் ஒரு நாள் கீழ்த்தாடை கனத்தது. நெஞ்சு வலி என்று ஒன்றும் இல்லை. இரண்டு வாரமாக ஒரே அசதி, சட்டைப் பித்தானைப் போடக்கூட உட்கார்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் வாயு என்றார். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை, உடம்பும் ஒல்லி. என்னைப் பார்த்து யார் மாரடைப்பை நினைப்பார்கள்? ரேடியேஷன் கதையை நானும் சொல்லவில்லை. அது முடிந்துபோன கதை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மனைவிதான் பிடிவாதமாக வேறு இடத்துக்குக் கூட்டிப் போனாள். இதயக் குழாய் புறப்படுகிற வாயிலேயே அடைப்பு. ரேடியேஷனால் வரும் அடைப்பு அந்த இடத்தில் வருவது வழக்கம்தான் என்று பிறகு சொன்னார்கள். பைபாஸ் செய்வதற்கு முன்னால் மார்புக்குள் ஓடும் தமனி ரேடியேஷனில் கெட்டுப்போயிருக்கிறதா என்று தனியாகப் பார்த்தார்கள். வழக்கமாக அதைத்தான் எடுத்து ஒட்டுவார்களாம். என் அதிர்ஷ்டம், அது நன்றாக இருந்தது. இப்போது அயோர்டா வால்விலும் சுண்ணாம்பு படிந்து இறுகிக்கொண்டு வருகிறது, வருடா வருடம் பார்க்கிறார்கள்.

மார்புக்கு ரேடியேஷன் வாங்கியவர்கள் தயவுசெய்து ஒன்றைச் செய்யுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும் சரி, முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். "சின்ன வயதில் மார்புக்கு ரேடியேஷன் எடுத்திருக்கிறேன்." அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் வீணாகியிருக்காது.

#4 உதயன்77

நண்பர்களே, கொஞ்சம் மாற்றுக் கருத்து. எனக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய். இப்போது 41. ஆஸ்பத்திரி வாடை பட்டாலே இன்றும் எனக்குக் குமட்டும். சிகிச்சை முடிந்து 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நன்றாக இருக்கிறேன். ஓடுகிறேன், வேலை செய்கிறேன், பிள்ளை வளர்க்கிறேன்.

ஒரு வியாதியைக் கடந்து வந்தவனிடம் "அடுத்தது இதயம், அடுத்தது சிறுநீரகம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் எப்போதுதான் வாழ்வது? நோய் அறிகுறி எதுவும் இல்லாதவர்களை வருடா வருடம் எக்கோவுக்குப் போகச் சொல்வதில் என்ன நியாயம்? கீற்றுக்கு மூச்சு வாங்குகிறது, அவர் பார்க்கட்டும். எல்லாரும் ஏன்?

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. மனதில் உள்ளதைச் சொன்னேன்.

#5 அலைவரிசை

உதயன் அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானதுதான். நான் எக்கோ டெக்னீஷியன். தினமும் பத்துப் பதினைந்து இதயங்களைப் பார்க்கிறேன். அறிகுறி இல்லாதவர்களை ஏன் பார்க்கிறோம் என்பதை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெண் வந்தார். முப்பதுக்குள் இருக்கும். வேலையில் சேர மருத்துவச் சான்று வேண்டும் என்று வந்தவர். சீட்டில் "வழக்கமான பரிசோதனை" என்று மட்டும் எழுதியிருந்தது. ஜெல் தடவிப் புரோபை வைக்கும்போது காரை எலும்புக்குக் கீழே நீலமாக ஒரு புள்ளி தெரிந்தது. பேனா முனை அளவுதான். மார்பின் நடுவில் இன்னொன்று. மச்சம் அப்படி நேர்கோட்டில் இருக்காது. "ரேடியேஷன் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "ஒன்பது வயதில். எப்படித் தெரியும்?" என்றார். ரேடியேஷனுக்குக் குறி வைக்கக் குத்திய பச்சை அது.

படியேறினால் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று கேட்டதற்கெல்லாம் இல்லை என்றார். ஆனால் மைட்ரல் வால்வில் கசிவு இருந்தது, இடது கீழறை கொஞ்சம் விரிந்திருந்தது. இதயம் பல வருடம் சத்தம் காட்டாமல் சமாளிக்கும். மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது பாதி வழி கடந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்கோ ரிப்போர்ட்டில் எல்லாரும் பார்ப்பது இஜெக்ஷன் ஃபிராக்ஷன், அதாவது இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு. அது நன்றாக இருந்தால் எல்லாம் நன்று என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் குழந்தைப் புற்றுநோயிலிருந்து மீண்ட 1,820 பேரைப் பரிசோதித்து 2015இல் ஒரு ஆய்வு வெளியானது. இஜெக்ஷன் ஃபிராக்ஷன் இயல்பாக இருந்தவர்களிலேயே 28 சதவீதம் பேருக்கு ஸ்ட்ரெயின் குறைந்திருந்தது. தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பதுதான் ஸ்ட்ரெயின். மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 15 என்றால் தசை சோர்ந்திருக்கிறது என்று பொருள். ஆனால் ஒவ்வொரு கம்பெனி மெஷினும் கொஞ்சம் வேறு எண் காட்டும். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மெஷினில் எடுத்துக்கொள்வது நல்லது. முந்தைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு எக்கோவை மட்டும் வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. இரண்டை அருகருகே வைத்தால்தான் இதயம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

சீட்டில் "சிறுவயதில் கீமோ" என்று எழுதியிருந்தால் ஸ்ட்ரெயின் சேர்த்து எடுப்போம். எழுதாவிட்டால் பல இடங்களில் எடுக்க மாட்டார்கள். நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

#6 சாரல்

அலைவரிசை சொன்னது அத்தனையும் உண்மை. உதயன் தம்பிக்கு ஒரு திருத்தம்: எல்லாரும் வருடா வருடம் எக்கோ எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது தேவையில்லாத பயத்தைத்தான் வளர்க்கும். இதில் உங்களோடு எனக்கு உடன்பாடுதான்.

பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது. 2015இல் வந்தது, 2023இல் புதுப்பித்தார்கள். மருந்தின் மொத்த அளவை டாக்ஸோரூபிசின் கணக்குக்கு மாற்றி, உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கிறார்கள். 250 அல்லது அதற்கு மேல் என்றால் அதிக ஆபத்து. 100 முதல் 250க்குள் நடுத்தரம். 100க்குக் கீழே குறைவு. மார்பு ரேடியேஷன் என்றால் 30 கிரேயும் அதற்கு மேலும் அதிகம், 15 முதல் 30க்குள் நடுத்தரம். மருந்து, ரேடியேஷன் இரண்டும் சேர்ந்தால் குறைந்த அளவிலேயே அதிக ஆபத்துப் பிரிவுக்குள் போய்விடுவார்கள். அதிக ஆபத்துள்ளவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு எக்கோ, நடுத்தரத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒன்று. குறைந்த பிரிவில் இருப்பவர்களுக்கு வழக்கமான எக்கோ கண்காணிப்பே தேவையில்லை.

தம்பி, நீங்கள் அந்தக் கடைசிப் பிரிவில்கூட இருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளவும் அந்தப் பழைய காகிதம்தான் வேண்டும்.

#7 தாழம்பூ

நான் ஒரு அம்மா. என் மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய், இப்போது 19. சாரல் அக்கா, அவளுடைய சிகிச்சை அட்டையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். டானோரூபிசின் 25 வீதம் நான்கு முறை, டாக்ஸோரூபிசின் 25 வீதம் மூன்று முறை. சதுர மீட்டர் என்றே எழுதியிருக்கிறது. ரேடியேஷன் இல்லை. அப்படியானால் 175தானே?

அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஊசி குத்திய நாட்களே சரியாக நினைவில்லை. கல்லூரிக்குப் போய் சந்தோஷமாக இருக்கிறாள். உதயன் தம்பி சொன்னதைப் படித்தபோது, வேண்டாம், அவளை அப்படியே விட்டுவிடலாம் என்று மனம் சொன்னது. நெடுவழி அண்ணன் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது.

#8 சாரல்

தாழம்பூ, டானோரூபிசினை அப்படியே கூட்டக் கூடாது. அது இதயத்தைத் தாக்குவது டாக்ஸோரூபிசினைவிடக் குறைவு. இப்போது சுமார் 0.6ஆல் பெருக்குகிறார்கள். 100 என்பது 60 ஆகிவிடும். அதோடு 75. ஆக 135. நடுத்தரப் பிரிவு, ஐந்து வருடத்துக்கு ஒரு எக்கோ. அவ்வளவுதான். (மைட்டோசாண்ட்ரோன் எடுத்தவர்கள் கவனிக்கவும்: அதைப் பத்து மடங்குக்குச் சற்று மேலாகவே பெருக்குகிறார்கள். தாளில் எண் சின்னதாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.)

மகளிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கு வேறு ஊரில் வேலைக்குப் போவாள், அங்கே அம்மா கூட இருக்க மாட்டார். என் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் பலர் "இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றுதான் கோபப்படுகிறார்கள். சொன்னதற்காகக் கோபப்பட்ட பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

#9 வெண்ணிலவு

பெண்பிள்ளை என்பதால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன் தாழம்பூ அக்கா. எனக்கு 11 வயதில் ஈவிங் சார்கோமா, டாக்ஸோரூபிசின் 300க்கு மேல். 28 வயதில் கர்ப்பமானபோது என் மகப்பேறு மருத்துவரிடம் "சின்ன வயதில் கேன்சர் இருந்தது" என்று மட்டும் சொன்னேன். அவரும் "இப்போது குணமாகிவிட்டதல்லவா, நல்லது" என்றார். ஏழாம் மாதத்தில் படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கினேன். கர்ப்பத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் என்றார்கள். வயிற்றுக் குமட்டலும் பசியின்மையும் இருந்தன, அதையும் கர்ப்பத்தின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கால் வீங்கி முட்டி வரை ஏறிய பிறகுதான் எக்கோ. இஜெக்ஷன் ஃபிராக்ஷன் 38.

பிள்ளை சீக்கிரமே பிறந்தாலும் நன்றாக இருக்கிறான். எனக்கும் மாத்திரையில் 50 வரை ஏறியிருக்கிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய பாதி கூடுகிறது. அந்தச் சுமையைத் தூக்க இதயம் தயாராக இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும். ஆந்த்ராசைக்ளினோ மார்பு ரேடியேஷனோ எடுத்த பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே, இல்லாவிட்டால் முதல் மூன்று மாதத்துக்குள் எக்கோ எடுக்க வேண்டும் என்றுதான் வழிகாட்டுதலும் சொல்கிறது. எனக்கு அது தெரியாமல் போனது. உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

#10 கீற்று

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் இரண்டு மூன்று முறை படித்தேன்.

ஃபைல் கிடைத்துவிட்டது! மருத்துவமனையில் முதலில் "அவ்வளவு பழையது இருக்காது" என்றார்கள். பதிவு எண் மட்டும் அப்பாவின் பழைய நாட்குறிப்பில் இருந்தது. அதைக் காட்டியதும் ஒருவர் கீழ்த்தளத்தில் போய்த் தேடி எடுத்து வந்தார். பழுப்பேறிய அட்டை, மேலே என் பெயர், பக்கத்தில் "13 வயது". ஒவ்வொரு தாளிலும் செவிலியர் கையெழுத்து. "குழந்தை வாந்தி எடுத்தாள், பிறகு தூங்கினாள்" என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

டாக்ஸோரூபிசின் ஒரு நாளைக்கு 45, இரண்டு நாள். ஐந்து சுற்று. ஆறாவது சுற்றில் கோடு போட்டு "நிறுத்தம்" என்று எழுதியிருக்கிறது. ஆக 450. சாரல் அக்கா, 250 எல்லை என்றீர்கள். இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறதே?

#11 சாரல்

கீற்று, பதறாதீர்கள். அந்த 45 வெறும் மில்லிகிராமா, சதுர மீட்டருக்கு மில்லிகிராமா? தாளின் மேல் மூலையில் உயரம், எடை எழுதிய இடத்தில் உடல் பரப்பளவு இருக்கும். பாருங்கள்.

#12 கீற்று

இருக்கிறது. 1.2 என்று போட்டிருக்கிறது.

#13 சாரல்

அப்படியானால் 450ஐ 1.2ஆல் வகுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 375. ஒரு சுற்றுக்கு 75 என்று வருகிறது, ஆஸ்டியோசார்கோமாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவு அதுதான். கணக்கு பொருந்துகிறது. அதிக ஆபத்துப் பிரிவுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் அட்டையில் 375 என்றே எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கும். ஆறேழு வயதுக் குழந்தைகளின் தாள்களில் இதற்கு நேர்மாறாக ஆகிவிடும். பரப்பளவு 0.8 இருக்கும் குழந்தைக்கு மில்லிகிராமை அப்படியே எடுத்துக்கொண்டால், வாங்கிய அளவு குறைவு என்று தப்பாக நினைத்துவிடுவோம்.

சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் கொடுத்திருப்பார்கள், பாருங்கள். அது சிறுநீரகத்தைப் பாதித்து ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?

#14 நெடுவழி

பிரஷர் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் இதய மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். "வாங்கிய ரேடியேஷனைத் திரும்ப எடுக்க முடியாது. பிரஷர் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது." 2013இல் வந்த ஆய்வு ஒன்றை எடுத்துக் காட்டினார். கீமோவால் வரும் ஆபத்தும் ரத்த அழுத்தத்தால் வரும் ஆபத்தும் வெறுமனே கூடுவதில்லை, ஒன்றை ஒன்று பெருக்கிவிடுகின்றன. மற்றவர்கள் 140ஐப் பார்த்துக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். நாம் தள்ளிப்போடக் கூடாது. வீட்டிலேயே கருவி வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் எழுந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பார்க்கிறேன், நோட்டில் எழுதுகிறேன்.

நடையும் விட்டதில்லை. ஹாட்ஜ்கினிலிருந்து மீண்டவர்களில் நன்றாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இதயப் பிரச்சினைகள் குறைவு என்று ஆய்வு இருக்கிறது. ஆனால் ஜிம்மில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய எடை தூக்குவதற்கு முன்னால் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்.

#15 கீற்று

எக்கோ முடிந்தது. அலைவரிசை சொன்ன மாதிரி நானே கேட்டு ஸ்ட்ரெயினும் எடுக்க வைத்தேன். 40 நிமிடம் ஆனது. அறையில் ஒரே இருட்டு, இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். ஸ்க்ரீனில் வால்வு திறந்து மூடுவது தெரிந்தது. 19 வருடமாக இது எதைத் தாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது என்று நினைத்தபோது அதன்மீது ஒரு பாசம் வந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இஜெக்ஷன் ஃபிராக்ஷன் 51. பழைய ஃபைலில் சிகிச்சைக்கு முன் எடுத்தது 66. ஸ்ட்ரெயின் மைனஸ் 15.8. பிரஷர் 142/90, மூன்று முறை பார்த்தும் அதே அளவு. மூச்சு வாங்கியதற்குக் கால் மட்டும் காரணமில்லை.

இதய மருத்துவர் நிதானமாகப் பேசினார். இதயச் செயலிழப்பு என்று சொல்லும் நிலை இல்லை, ஆனால் தசை தளர ஆரம்பித்திருக்கிறது, பிரஷரையும் இறக்க வேண்டும், எனலாப்ரில் தொடங்கலாம் என்றார். அப்போதுதான் நான் குழந்தை பெற்றுக்கொள்ள நினைத்திருப்பதைச் சொன்னேன். கேட்டதும் எழுதியதை அடித்துவிட்டார். அந்த மாத்திரை வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாதாம். இப்போதைக்குப் பீட்டா பிளாக்கர் என்ற, இதயத்தின் பளுவைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார். மகப்பேறு மருத்துவரையும் சேர்த்து மூன்று பேரும் உட்கார்ந்து பேசிய பிறகு முடிவெடுக்கலாம் என்றார்.

வெண்ணிலவு, நீங்கள் எழுதியிருக்காவிட்டால் அந்த அறையில் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

#16 அலைவரிசை

கீற்று அக்கா, பீட்டா பிளாக்கர் பற்றி ஒரு தகவல். இதயம் இன்னும் நன்றாக இருப்பவர்களுக்கு முன்கூட்டியே கார்வெடிலால் என்ற பீட்டா பிளாக்கரைக் கொடுத்தால் காப்பாற்றுமா என்று ஒரு பெரிய சோதனை நடந்தது. 250க்கு மேல் ஆந்த்ராசைக்ளின் வாங்கியவர்கள்தான் அதில் இருந்தார்கள். 2024இல் முடிவு வெளியானது. மாத்திரை பாதுகாப்பானதுதான், ஆனால் அவர்கள் முதன்மையாக அளந்த விஷயத்தில், இதயச் சுவரின் தடிமனுக்கும் அறையின் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தில், தெளிவான வித்தியாசம் வரவில்லை. உங்கள் நிலைமை வேறு. உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது, தசையும் தளர்ந்திருக்கிறது. இங்கே படிக்கும் மற்றவர்கள் "எனக்கும் அந்த மாத்திரை" என்று தாங்களாகத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

#17 தாழம்பூ

மகளிடம் சொல்லிவிட்டேன். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தனை தடவையா அம்மா ஊசி போட்டார்கள்?" என்றாள். அப்புறம் அதைப் போட்டோ எடுத்துத் தன் போனில் வைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் எக்கோ. தானே பேசி நேரம் வாங்கினாள்.

#18 உதயன்77

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. படிக்காமலும் இல்லை.

அண்ணனை அனுப்பி என் ஃபைலின் நகலை எடுத்து வரச் சொன்னேன். நானே போக முடியவில்லை. மூன்று நாள் உறையைப் பிரிக்கவில்லை. சாரல் அக்கா, எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். டாக்ஸோரூபிசின் சதுர மீட்டருக்கு 25, மூன்று வாரம். டானோரூபிசின் இல்லை. மார்புக்கு ரேடியேஷன் இல்லை. தலைக்கு 18 கிரே.

#19 சாரல்

தம்பி, மொத்தம் 75. குறைந்த ஆபத்துப் பிரிவு. வழக்கமான எக்கோ கண்காணிப்பு உங்களுக்குத் தேவையில்லை. ஓடுங்கள், தாராளமாக ஓடுங்கள்.

ஆனால் தலைக்கு ரேடியேஷன் வாங்கியிருக்கிறீர்கள். அது வளர்ச்சி ஹார்மோனைக் குறைத்து, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதற்கும், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஏறுவதற்கும் வழி செய்யலாம். இதயத்துக்கு அந்த வழியாகவும் ஆபத்து வரும். பிரஷர், சாப்பிடாமல் சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து எடுத்துப் போவார்களா என்று லேபில் கேளுங்கள். வாடை பிரச்சினை இருக்காது.

#20 உதயன்77

அக்கா, அந்த 75ஐ நான்கைந்து முறை திரும்பிப் படித்தேன். மனைவியிடமும் காட்டினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

#21 கீற்று

போடுங்கள் அண்ணா, காத்திருக்கிறேன். எனக்குத் திங்கட்கிழமை மகப்பேறு மருத்துவரோடு சந்திப்பு. பழைய ஃபைல், புது எக்கோ இரண்டையும் மூன்று நகல் எடுத்துவிட்டேன்.

சாரல் அக்கா, மூட்டு அறுவை சிகிச்சையை அதற்கு முன்னால் முடித்துக்கொள்ளலாமா, இல்லை பிரஷர் இறங்கும்வரை பொறுக்கலாமா?

#22 சாரல்

கால் அவசரம் இல்லையென்றால் பொறுங்கள். மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் பிரஷர் நிலைக்கு வந்ததும், அதே மயக்க மருந்து மருத்துவரிடமே போங்கள். இந்த முறை அவர் கேட்பதற்கு முன்னால் அட்டையை நீட்டுங்கள்.